காவலும் மருத்துவமும்: இத்தாலிய மனநோயர் காப்பகங்களின் வரலாற்றில் ஒரு பகுதி

சட்டமொன்றின் தலைப்பில் சொற்கள் எம்முறையில் நிற்கின்றன என்பது சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டுமன்றி வரலாற்றாசிரியர்க்கும் பயன்படுவதாகும். இத்தாலிய நாட்டில் 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இயற்றப்பெற்ற 36ஆம் எண் சட்டம், மனநோயரைப் பற்றிய தன் நோக்கத்தைக் 'காவலும் மருத்துவமும்' எனப் பொருள்படும் இரு சொற்களால் குறித்தது. காவல் முன்னும் மருத்துவம் பின்னும் நின்றமை தற்செயலன்று. தமக்கோ பிறர்க்கோ தீங்கு விளைக்கத்தக்கவர், பொதுவிடத்தில் மானக்கேட்டிற்கு ஏதுவானவர் ஆகியோரே காப்பகத்தில் அடைக்கப்படுதற்குரியர் என்பது அச்சட்டத்தின் வரையறை. ஆகவே நோயின் தன்மை அளவுகோலாகவில்லை; நோயாளியைக் கண்டு பிறர் கொள்ளும் அச்சமே அளவுகோலாயிற்று. அடைக்கப்பெற்றார் பெயர் குற்றப் பதிவேட்டிலும் ஏறிற்று. இத்தனைக்கும் அந்நாட்டார் காப்பகத்திற்கு வழங்கிய 'மனிகோமியோ' என்னும் பெயர், பித்து என்றும் பேணுதல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் புணர்ச்சியால் ஆயது. பெயர் பேணுதலைச் சொல்லிற்று. சட்டம் காவலைச் சொல்லிற்று.

இனி, 1978ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் நிறைவேறிய 180ஆம் எண் சட்டத்தை நோக்குவோமாயின், அதன் தலைப்பில் காவல் என்னும் சொல் இல்லை. விரும்பி ஏற்கும் மருத்துவம், கட்டாய மருத்துவம் என்பனவே அதிற் பேசப்படுகின்றன. தீங்கு விளைக்கும் இயல்பு என்னும் அளவுகோலும் அடியோடு நீங்கிற்று. இவ்விரு சட்டங்களுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் எவ்வாறு வந்தது? புதிய மருந்துகளின் பயன் என்பர் ஒரு சாரார். மனநோய் என்பதொன்று இல்லை என்று வாதித்தோரின் வெற்றி என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா என்பது எம் கருத்து.

மாற்றத்திற்கு முதல்வராய் நின்றவர் பிராங்கோ பசாலியா என்னும் மருத்துவர். 1924ஆம் ஆண்டு வெனிசு நகரிற் பிறந்த இவர், இளமையில் பாசிச ஆட்சியை எதிர்த்தமையால் சிறைப்பட்டவர். பாதுவாப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றியும், மருத்துவத்தினும் மெய்ப்பொருளியலில் மிக்க நாட்டமுடையவராய் இருந்தமையால், ஆங்குத் தக்க இடம் பெறாது, 1961ஆம் ஆண்டு யூகோசுலாவிய எல்லையை ஒட்டிய கொரிட்சியா என்னும் சிற்றூர்க் காப்பகத்திற்குத் தலைவராகச் சென்றார். உள்ளே நுழைந்தபோது சிறைச்சாலையின் நாற்றமே தமக்கு நினைவு வந்ததாக அவர் பின்னர்க் கூறியுள்ளார். முந்திய இரவில் கட்டிலோடு பிணிக்கப்பெற்ற நோயாளிகளின் பெயர்களைக் கொண்ட ஏட்டைத் தலைமைச் செவிலியர் கையொப்பத்திற்கு நீட்டினார். பசாலியா கையொப்பமிட மறுத்துவிட்டார். நாள்தோறும் நிகழும் எளியதோர் அலுவலகச் சடங்குதான் அது. ஆயினும் பிணித்தலுக்கு மருத்துவர் பொறுப்பேற்க மறுத்த அந்நாளே இவ்வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளத்தக்கது.

அதே 1961இல் அமெரிக்க நாட்டில் தாமசு சாசு, மனநோய் என்பது ஒரு கட்டுக்கதையே என்னும் கருத்துடைய நூலை வெளியிட்டார். எர்விங் காப்மனின் காப்பகங்களைப் பற்றிய நூலும், பிரான்சில் மிசேல் பூக்கோவின் பித்து வரலாறும் அவ்வாண்டிலேயே தோன்றின. இவ்வொருமை கண்டு இவர் அனைவரையும் ஒரே கூட்டத்தாராக எண்ணிவிடுதல் எளிது, ஆனால் பிழை. பசாலியா மனநோயை இல்லை என்று கூறினாரல்லர். செர்மானிய மெய்ப்பொருளறிஞர் அசுசேர்லின் முறையைத் தழுவி, நோயை அடைப்புக்குறிக்குள் வைத்தல் வேண்டும் என்றார். அடைப்புக்குறிக்குள் வைக்கப்பெற்ற சொல் அழிக்கப்பட்டதன்று. வாக்கியத்தின் ஏனைய பகுதியைத் தெளிவாகப் படிக்கும்பொருட்டுச் சற்றே ஒதுக்கப்பட்டதாகும். இருபதாண்டு பூட்டிய அறையில் இருந்தவர் பேசாது சுவரை நோக்கி அமர்ந்திருப்பாராயின், அதில் நோயின் கூறு எவ்வளவு, பூட்டின் கூறு எவ்வளவு? பூட்டைத் திறந்து பார்த்தாலன்றி எம்மருத்துவராலும் இதற்கு விடை கூறல் இயலாது. பசாலியாவின் கேள்வியின் வலிமை இதுவே. இது மறுப்புரை அன்று. ஓர் ஆராய்ச்சி முறை.

அம்முறைப்படி கொரிட்சியாவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. கம்பிகளும் வேலிகளும் அகன்றன. நோயாளிகளும் செவிலியரும் மருத்துவரும் ஒருங்கே கூடும் பேரவை நாள்தோறும் நடைபெற்றது. யாவரும் வரலாம், யாவரும் பேசலாம். காப்மனின் நூலை இத்தாலியில் மொழிபெயர்த்தவரும், கணவரின் நூல்கள் பலவற்றில் பங்கு கொண்டவருமாகிய பிராங்கா ஒங்காரோவின் பணி இங்கே நினைக்கத்தக்கது. பலர் அதனைக் குறிக்காதே செல்கின்றனர். 1968இல் வெளிவந்த 'மறுக்கப்பட்ட நிறுவனம்' என்னும் தொகுப்பு நோயாளிகளின் பேச்சையே அச்சிற் கொணர்ந்து நாடெங்கும் படிக்கப்பெற்றது.

மருந்தே கதவைத் திறந்தது என்பார் கூற்றை இவ்விடத்து ஆராய்தல் தகும். குளோர்புரோமசின் என்னும் மருந்து 1952இல் பாரிசில் மனநோயர்க்கு வழங்கப்பெற்று விரைவிற் பரவியது உண்மை. பசாலியாவும் மருந்தை விலக்கினாரல்லர். ஆயின் அம்மருந்து இத்தாலியின் ஏனைக் காப்பகங்களிலும் இருந்தது. ஆங்குக் கதவுகள் பூட்டியே கிடந்தன. ஒரே ஏது இரு வேறிடத்து இருவேறு பயன் தருமாயின், வேறுபாட்டிற்குரிய ஏது பிறிதொன்றாதல் வேண்டும்.

திறந்த கதவிற்கு விலையும் இருந்தது. 1968ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒரு நாள் விடுப்பில் வீடு சென்ற நோயாளி ஒருவர் தம் மனைவியைக் கொன்றார். பசாலியாமீது வழக்குத் தொடுக்கப்பெற்றது. முடிவில் அவர் குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்டார். வழக்குமன்றத் தீர்ப்பு வேறு, இறந்த பெண்ணின் உயிர் வேறு. அவரைப் புகழ்ந்தெழுதுவோர் இந்நிகழ்ச்சியை ஒரு வரியிற் கடந்துவிடுதலை யாம் உடன்படோம். பூட்டிய அறைக்குள் ஆண்டுதோறும் தேய்ந்தழிந்த உயிர்கள் எக்கணக்கிலும் ஏறாமற் போயின என்பதும் உண்மை. அவ்வுண்மை இவ்விறப்பைச் சிறிதாக்கிவிடாது.

1971இல் பசாலியா திரியெசுத்தே நகரின் சான் சொவான்னிக் காப்பகத் தலைமையை ஏற்றார். ஆசுத்திரிய ஆட்சிக்காலத்தில் 1908இல் திறக்கப்பட்ட அப்பெருங்காப்பகத்தில் அப்பொழுது ஏறத்தாழ 1,200 பேர் இருந்தனர். கொரிட்சியாவில் காப்பகத்தைச் சீர்திருத்தியவர் இங்கு அதனை இல்லாமற் செய்யத் துணிந்தார். மாகாணத் தலைவர் மிக்கேலே சனெத்தி துணை நின்றார். நோயாளிகள் 'தொழில் மருத்துவம்' என்ற பெயரால் ஊதியமின்றிச் செய்துவந்த துப்புரவு முதலிய பணிகள் கூட்டுறவுச் சங்கத்தின் வழி ஊதியப் பணிகளாயின. செல்ல வீடின்மையால் உள்ளேயே தங்க நேர்ந்தவர், நோயாளி என்னும் பெயர் நீங்கி 'விருந்தினர்' என்னும் பெயர் பெற்றனர். விருந்து என்னும் சொல்லின் அருமையைத் தமிழர்க்கு விளக்க வேண்டா. விருந்தினர் அறையைப் புறத்தே பூட்டுவார் உலகில் இலர்.

காப்பகத்தின் சலவைத் துணி வண்டியை இழுத்துவந்த மார்க்கோ என்னும் குதிரை மூப்பெய்தியபோது, அதனைக் கொலைக்கு விற்கலாகாது என நோயாளிகள் வேண்டி மீட்டனர். 1973இல் அக்குதிரையின் பெயரால் நீல நிறப் பெருங்குதிரை ஒன்றை மரத்தாலும் காகிதக் கூழாலும் செய்து ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுசென்றனர். குதிரை வாயிலினும் உயர்ந்திருந்தது. ஆதலின் வாயிலை இடித்தே வெளிக்கொணர வேண்டியதாயிற்று. திராய் நகருள் புகுந்த மரக்குதிரையைக் கற்றவர்க்கு, இங்கு மதிலினின்று வெளியேறிய மரக்குதிரை வியப்பளிக்கும்.

1975 முதல் நகரின் பகுதிதோறும் இரவும் பகலும் திறந்திருக்கும் மனநல நிலையங்கள் எழுந்தன. 1977 சனவரியில் காப்பகம் மூடப்படும் என்று பசாலியா அறிவித்தார். மறு ஆண்டே 180ஆம் எண் சட்டம் வந்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கக் கோரிய பொதுவாக்கெடுப்பைத் தவிர்த்தற்பொருட்டு விரைந்து இயற்றப்பெற்றது அது. முன்னாள் தலைமையமைச்சர் அல்டோ மோரோ கொல்லப்பட்டுக் கிடந்தது கண்டு நாடு கலங்கிய நான்காம் நாள் நிறைவேறிற்று. புதிய நோயாளிகளைக் காப்பகத்தில் சேர்த்தல் தடுக்கப்பெற்றது. கட்டாய மருத்துவத்திற்கு நகரத்தலைவரின் ஆணை வேண்டும். 48 மணி நேரத்திற்குள் நடுவர்க்கு அறிவித்தல் வேண்டும். ஏழு நாட்கு மேற்படின் புதுப்பித்தல் வேண்டும். பொது மருத்துவமனையில் இதற்கெனக் கட்டில்கள் 15க்கு மேற்படலாகா.

பதினொரு பிரிவுகளே கொண்ட இச்சட்டம் நிலையங்களை யார், எப்பொருளைக் கொண்டு நிறுவுவது என்பதைத் தெளிவுறச் சொல்லாது மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. திரியெசுத்தேயில் நிலையம் முன்னும் மூடல் பின்னும் நிகழ்ந்தன. பல இடங்களில் மூடலே முன் வந்தது. சுமை தாய்மார் தலையில் விழுந்தது. காப்பக மருத்துவரும் எழுத்தாளருமாகிய மாரியோ தொபினோ இச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவர் சொல்லில் உண்மை இல்லாமலில்லை. பசாலியா 1980 ஆகத்து 29ஆம் நாள் காலமானமையால் விளைவுகளைக் காணும் வாய்ப்புப் பெறவில்லை.

மருத்துவமனைக்குப் புறத்தே இருத்தல் ஒன்றே உரிமை ஆகிவிடாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2001 ஆகத்து 6ஆம் நாள் ஏர்வாடியில் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பவியலாது 28 பேர் மாண்டனர். அவர்கள் மருத்துவமனையில் இருந்தாரல்லர். நேர்த்தியை நம்பி வந்தோர்க்கெனத் தனியார் நடத்திய விடுதியில் இருந்தனர். மருத்துவத்தை ஐயுறுவோர் மாற்று எனக் காட்டும் ஒவ்வொன்றையும் கொரிட்சியாவின் ஏட்டைக் கொண்டே அளத்தல் வேண்டும்: இரவில் யார் பிணிக்கப்பட்டனர், அதற்கு யார் கையொப்பமிட்டனர்? ஏர்வாடியில் அவ்வேடுதானும் இல்லை.

இத்தாலியில் பொதுக் காப்பகங்கள் முற்றும் மூடப்பெற 1990களின் இறுதியாயிற்று. குற்றம் புரிந்த மனநோயர்க்குரிய சிறைக் காப்பகங்களோ 2014ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே மூடப்பட்டன. அவற்றின் இடத்தில் சிறு உறைவிடங்கள் வந்துள்ளன. எனினும் மருத்துவச் சட்டத்தினின்று 1978இல் நீங்கிய 'தீங்கு விளைக்கத்தக்கவர்' என்னும் கருத்து, பாசிச ஆட்சிக்காலத்தில் 1930இல் இயற்றப்பெற்ற தண்டனைத் தொகுப்பில் இன்றும் நின்று, ஒருவரை அவ்வுறைவிடத்திற்கு அனுப்புதற்கு அளவுகோலாய் வழங்கிவருகின்றது.