சேது காவலும் அரை வினாடியும்

சேதுபதி என்ற பட்டத்திலேயே ஒரு பாதை இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர், சடைக்கத் தேவருக்கு இராமநாதபுரம் சீமையின் அதிகாரத்தை அளித்தார். ராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களைக் கள்வர்களிடமிருந்து காப்பதே அவருக்கு முதற்கடமை. கோயிலுக்குக் கதவும் பூட்டும் உண்டு. வழிப்பறி நடப்பதோ வழியில் அல்லவா?

தொலைதூரத்துக் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தபடியே ஆளுகிறவர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. டெல்நெட் என்ற பழைய முறையில், ரகசியச் சொல் தபால் கார்டில் எழுதியதுபோல் திறந்தபடியே பயணம் செய்யும். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ வழியில் ஒளிந்திருந்து ரகசியச் சொற்களைத் திரட்டிவிட்டார்கள். அங்கே ஆராய்ச்சியில் இருந்த டாட்டு யுலோனென், வழி முழுவதையும் மறைகுறியால் மூடும் எஸ்எஸ்எச் என்ற முறையை எழுதி, அந்த ஜூலையிலேயே உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். டெல்நெட்டின் வாசல் எண் 23, கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் எண் 21. நடுவே காலியாக இருந்த 22-ஐக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினார். மறுநாளே அனுமதி வந்துவிட்டது! 1999 டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி குழுவினர் அதன் பழைய சுதந்திரப் பிரதியிலிருந்து ஓபன்எஸ்எஸ்எச்சை உருவாக்கி வெளியிட்டார்கள். இன்று பெரும்பாலான சர்வர்களில் வாசல் காப்பது அதுதான்.

இந்தக் காவலாளியை வேலைக்கு அமர்த்துவது வெகு சுலபம். 1993-ல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் குடும்பத்தில் 'ஆப்ட்' என்ற பண்டகசாலைக் கணக்கர் ஒருவர் உண்டு. 'ஆப்ட் இன்ஸ்டால் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்' என்று ஒரு வரி எழுதினால் போதும். பொதியைக் கொண்டுவந்து, முத்திரை சரிபார்த்து, சாவிகள் செய்து, காவலையும் உடனே தொடங்கிவிடுவார். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் குடும்பமே வருவதுபோல, கேட்ட பொதியுடன் அது நம்பியிருக்கும் மற்றப் பொதிகளும் வந்து இறங்கும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விஷயமறிந்தவர்கள் பிறகு ரகசியச் சொல் முறையையே அடைத்துவிட்டுச் சாவி முறையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அதுவும், திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு இணைப்பில் உள்ளே வர முடிகிறதா என்று பார்த்த பிறகே!

இது எங்கோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று எண்ண வேண்டாம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, சீடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. கமுதியிலும் முதுகுளத்தூரிலும் பிள்ளைகள் திறந்தும் பாராத அந்தப் பக்கத்தில் இதே கணக்கர் உட்கார்ந்திருந்தார்.

அவர் பார்க்கும் முத்திரை, பொதி வழியில் கலப்படமாகவில்லை என்று மட்டுமே சொல்லும். கட்டியவரின் கைத்தவறையோ மனத்தையோ அது அறியாது. 2006-ல் டெபியன் ஊழியர் ஒருவர், சோதனைக் கருவி குறை சொல்லிய இரண்டு வரிகளை நல்லெண்ணத்தோடு நீக்கினார். சாவி செய்யத் தேவையான தற்செயல் எண்கள் அதனால் அடைபட்டுப் போயின. ஒரு வகைச் சாவியில் 32,767 மட்டுமே சாத்தியம் என்றாகிவிட்டது. பொறுமையுள்ள திருடனுக்கு ஒரு நாள் வேலை. 2008 மே மாதம்தான் வெளிப்பட்டது. பலவீனச் சாவிகளின் பட்டியலும் மாற்றுப் பொதியும் அதே ஆப்ட் வழியாகவே வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தன.

2024-ல் நடந்தது கைத்தவறு அல்ல. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியைப் பின்லாந்துக்காரர் ஒருவர் ஊதியமின்றிப் பல ஆண்டுகள் பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த நேரத்தில், வேலை மெதுவாக நடக்கிறதென்று முகமறியாத பெயர்கள் கடிதங்களால் துளைத்தெடுத்தன. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்தார், நம்பிக்கை பெற்றார், பிறகு 5.6.0, 5.6.1 என்ற வெளியீடுகளில் ஒரு கள்ள வாசலைப் புதைத்தார். எஸ்எஸ்எச்சை எழுதியவர்கள் எக்ஸ்இசட்டை அழைக்கவேயில்லை. டெபியனில் வேறொரு பொதியின் உறவாக அது உள்ளே வந்திருந்தது. களைத்த மனிதனிடம் பரிவு காட்டியே காவலைக் கைப்பற்றியதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கொடுமையாகப் படுகிறது.

பிடித்தது ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுக் களஞ்சியத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் நுழைவுக்கு அரை வினாடி கூடுதலாவதைக் கண்டார். வேறு யாராவது இருந்தால் சோம்பல் முறித்துவிட்டுப் போயிருப்பார்கள்! அவர் துருவிப் பார்த்து மார்ச் 29-ல் உலகுக்கு அறிவித்தார். அதுவரை கள்ளப் பொதி டெபியனின் சோதனைக் கிடங்குகளை மட்டுமே எட்டியிருந்தது. நிலையான பதிப்புக்கு வரவில்லை. ஜியா டான் யார் என்பது இன்றும் வெளிப்படவில்லை.

பழைய நல்ல பொதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் ஆப்ட் கணக்கர் சாதாரணமாகப் பின்னோக்கி எண்ணமாட்டார். எண் பெரிதானால்தான் ஏற்றுக்கொள்வார். எனவே டெபியன்காரர்கள் பழைய சரக்கைக் கட்டி, மேலே '5.6.1+ரியலி5.4.5' என்று எழுதி அனுப்பினார்கள்.