பெரிய சென்சார் வாங்கினால் பின்னணி தானாக மங்கிவிடுமா?

பட்ஜெட்டைத் தாண்டி, இ.எம்.ஐ. போட்டாவது ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கப் போறீங்களா? "சென்சார் பெரிசா இருந்தா பேக்கிரவுண்ட் சூப்பரா மங்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

பின்னணியை மங்க வைப்பது லென்ஸ் துளை, அதாவது அப்பெர்ச்சர். லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் அகலம் வரும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் என்றால் சுமார் 28 மி.மீ.

ஒருவரை 2 மீட்டர் தள்ளி நிற்க வைத்து, 36×24 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் இந்த லென்ஸால் எடுக்கிறீர்கள். தெளிவாக விழும் ஆழம், அதாவது டெப்த் ஆஃப் ஃபீல்டு, சுமார் 17 செ.மீ. அதே இடத்தில் நின்று அதே காட்சியை ஏபிஎஸ்-சி கேமராவில் எடுக்க 33 மி.மீ. லென்ஸ் வேண்டும். எஃப்/1.8 மாறவில்லை, ஆனால் துளை 18 மி.மீ. ஆகிவிட்டது. ஆழம் சுமார் 26 செ.மீ.

போனில்? பெரிய சென்சார் உள்ள மாடலில்கூட மெயின் கேமராவின் நிஜக் குவியத் தூரம் 7 மி.மீ. அளவுதான். 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் ஒன்றரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவு. போர்ட்ரெய்ட் மோடு மங்கல் பெரும்பாலும் சாஃப்ட்வேர் வேலை. தலைமுடி ஓரத்தில் சொதப்புவது அதனால்தான்.

ஒரே 50 மி.மீ. லென்ஸை ஏபிஎஸ்-சியில் மாட்டி, நகராமல் எடுத்தால் காட்சி குறுகும். படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆழமும் குறையும். ஆள் முழுசா வர பின்னால் போவீங்க இல்லையா, அப்போதுதான் ஆழம் கூடுகிறது.

காரக்கோணம் பக்கத்துக்காரர் என்றால் டாக்டர் சோமர்வெல் பெயர் தெரிந்திருக்கும். அங்குள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றியவர், எவரெஸ்ட் ஏறப் போனவர். 1924 பயணத்தில் அவர் ஜார்ஜ் மல்லோரிக்குக் கொடுத்தனுப்பிய வெஸ்ட் பாக்கெட் கோடக் கேமரா மல்லோரியோடு மலையிலேயே காணாமல் போனது. அந்த வகைக் கேமராவின் ஃபிலிம் படம் சுமார் 64×41 மி.மீ., பரப்பில் ஃபுல் ஃப்ரேமைப் போல மூன்று மடங்கு! ஆனாலும் அதன் சாதாரண மாடலில் ஃபோகஸ் மாற்றவே வழி கிடையாது. துளை அவ்வளவு சின்னது. சில மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவாகவே விழும்.

கடையில் ஒப்பிட ஒரு கணக்கு: ஏபிஎஸ்-சி லென்ஸின் குவியத் தூரத்தையும் எஃப் எண்ணையும் 1.5-ஆல் பெருக்குங்கள். அங்கே எஃப்/1.8 என்றால், மங்கலில் ஃபுல் ஃப்ரேமின் எஃப்/2.7-க்குச் சமம். ஃபுல் ஃப்ரேம் பாடியிலேயே காசு தீர்ந்து எஃப்/4 ஜூமோடு நின்றீர்கள் என்றால், வீட்டில் கிடக்கும் ஏபிஎஸ்-சியும் ஒரு எஃப்/1.8 லென்ஸும் அதே காட்சியில் அதைவிட நன்றாக மங்க வைக்கும். கல்யாணத்தில் மூன்று வரிசை குரூப் போட்டோவா? அப்போ எந்த கேமராவானாலும் துளையைச் சுருக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் கடைசி வரிசைப் பெரியப்பா மங்கிவிடுவார்.