மஞ்சளாகும் குழிகள்: சென்னையிலும் தென்புறநகரிலும் எதிர்ப்பொருள் கணக்கெடுப்பு, 1986–2022

2020 அக்டோபர், நவம்பரில் தமிழகம் முழுவதும் ரத்தம் எடுத்துக் கொரோனா எதிர்ப்பொருளைத் தேடியபோது 31.5 சதவீதம் பேரிடம் அது இருந்தது. 2021 ஏப்ரலில் அதே ஆய்வின் இரண்டாம் சுற்றில் கிடைத்த எண் 22.9. இடைப்பட்ட மாதங்களில் தொற்று நின்றுவிடவில்லை. ஜனவரியில் தடுப்பூசியும் தொடங்கியிருந்தது. ஒருமுறை தொற்றியவர் பிறகு தொற்றாதவர் ஆக வழியில்லை. அப்படியானால் எண் ஏன் இறங்கியது? கருவியின் கண்ணில் படுபவர்கள் குறைந்துபோனார்கள் என்பதே பதில். தொற்றியவர் தொகை வேறு, கருவி காணும் தொகை வேறு என்ற இந்தத் தெளிவு சென்னைக்கு ஒரே நாளில் வந்ததல்ல. அதன் தொடக்கத்தைத் தேடினால் 1986க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அன்று சென்னையில் எச்.ஐ.வி. பரிசோதனை வசதி கிடையாது. மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குப் போயின. எதிர்ப்பொருளைத் தேடும் ‘எலிசா’ சோதனைத் தட்டில் ஆறு மாதிரிகளுக்குரிய குழிகள் மஞ்சளாயின. அத்தோடு அவர்கள் அறிவித்துவிடவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். மாதிரிகள் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வரை சென்று ‘வெஸ்டர்ன் பிளாட்’ முறையில் உறுதியான பிறகே செய்தி சட்டமன்றத்துக்கு வந்தது.

ஏன் இந்தச் சுற்றுவழி? அந்தக் காலத்து எலிசா கருவிகளில் உயிரணுக்களில் வளர்த்த வைரஸை உடைத்து அப்படியே தட்டில் பூசியிருப்பார்கள். வைரஸ் புரதங்களோடு அதை வளர்த்த உயிரணுவின் துணுக்குகளும் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் எதில் போய் ஒட்டினாலும் குழி மஞ்சளாகும். ஏதோ ஒட்டியது என்பதற்கு மேல் எலிசா எதுவும் சொல்லாது. வெஸ்டர்ன் பிளாட்டில் புரதங்கள் எடைவாரியாகப் பிரிந்து பட்டைகளாக நிற்பதால் எது எதில் ஒட்டியது என்று பார்த்துவிடலாம். முதல் கருவி பலரைப் பிடிக்க, இரண்டாவது அவர்களைச் சலித்தெடுக்கும்.

தென்புறநகரின் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்குபவர்களுக்குத் தெரிந்த தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை 1928இல் டேவிட் சௌரி முத்து காசநோய்க்கென்று தொடங்கியது. 1990களில் அதுவே நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாயிற்று. எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை எதிர்ப்பொருள் வந்தால் ஆயுள் முழுக்கப் போகாது. அதனால் ‘எதிர்ப்பொருள் உள்ளவர் = தொற்றியவர்’ என்ற சமன்பாடு அங்கே செல்லுபடியானது. பின்னாளில் கொரோனா எண்களைப் பத்திரிகைகளும் சில அதிகாரிகளும் வாசித்த விதத்தில் இந்தப் பழைய பழக்கத்தின் நிழல் இருந்தது என்பது என் கருத்து.

இடையில் டெங்கு வேறொரு எச்சரிக்கையைத் தந்தது. 2011இல் சென்னையில் 50 இடங்களில் 1,010 பேரிடம் எடுத்த ரத்தத்தில் 93 சதவீதம் டெங்கு எதிர்ப்பொருளைக் காட்டியது; சிக்குன்குனியாவுக்கு அது 44. ஆனால் டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஒரே வைரஸ் குடும்பம். ஒன்றுக்கு உருவான எதிர்ப்பொருள் மற்றதன் புரதத்திலும் ஒட்டக்கூடும். கொசுக்கடி வாங்காத சென்னைவாசி யார் என்பதால் 93ஐ யாரும் பெரிதாகச் சந்தேகிக்கவில்லை. எண் சிறிதாக இருந்திருந்தால் அந்த ஒட்டல் பெரிய விவகாரமாகியிருக்கும்.

2020 மே மாதம் தொடங்கிய ஆய்வில் அப்படி ஒரு சிறிய எண் வந்தது. ஐ.சி.எம்.ஆர். 21 மாநிலங்களின் 70 மாவட்டங்களில் 28,000 பெரியவர்களிடம் நடத்திய முதல் தேசிய ஆய்வு, சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் நடந்தது. முடிவு 0.73 சதவீதம். முதல் கருவி புனே வைராலஜி நிறுவனம் உருவாக்கிய ‘கவச்’ எலிசா. அதன் தனித்தன்மை, அதாவது தொற்றாதவரைத் தொற்றாதவர் என்றே சொல்லும் திறன், 97.9 சதவீதம் எனப்பட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயிரம் பேரை வைத்துக் கணக்குப் போடுவோம். உண்மையில் தொற்றியவர் ஏழு பேர். தொற்றாத 993 பேரில் 2.1 சதவீதம், அதாவது சுமார் 21 பேர், தவறாக மஞ்சளாவார்கள். நேர்மறை என்று வந்தவர்களில் நாலில் மூன்று பங்கு பொய்! 1986இல் செய்ததை ஆய்வாளர்கள் வேறு உருவில் மறுபடி செய்தார்கள். கவச்சில் நேர்மறையான மாதிரிகளை, வைரஸின் கூர்முனைப் புரதத்தை மட்டும் பூசிய ‘யூரோஇம்யூன்’ எலிசாவிலும் சோதித்து, இரண்டிலும் தேறியவற்றையே எண்ணினார்கள். சல்லடை இரண்டானால் உண்மையாகத் தொற்றிய சிலரும் நழுவுவார்கள். ஆனாலும் அந்தக் கட்டத்தில் அதுவே சரியான பேரம்.

அந்த ஆய்வில் தமிழகத்திலிருந்து சென்னை, கோவை, திருவண்ணாமலை மட்டுமே இடம்பெற்றன. அதே ஆண்டு ஜூலையில் சென்னை மாநகராட்சி 51 வார்டுகளில் 12,405 பேரிடம் ரத்தம் எடுத்தது. முதலில் வெளியான எண் 21.5 சதவீதம், ஆய்விதழில் எடையிட்டு வெளியானபோது 18.4. இந்த இரண்டு ஆய்விலும் தாம்பரம் இல்லை. மாநகராட்சி எல்லை ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் மண்டலங்களோடு முடிந்துவிடும். மின்சார ரயிலில் தினமும் பூங்கா நிலையத்துக்கும் எழும்பூருக்கும் போய்வந்த தாம்பரத்துக்காரர்கள் ஆவணத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தினர். அக்டோபரில் தொடங்கிய மாநில ஆய்வு மாவட்டவாரியாக நடந்த பிறகே அவர்கள் கணக்குக்குள் வந்தார்கள். ஆக, ஒரே ரயில் பாதையில் வாழ்ந்தவர்களை வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு ஆய்வுகள் அளந்தன.

ஆய்வோடு கருவியும் மாறினால் அது ஏன் சிறிய விஷயமில்லை என்று காட்ட ஒரு கற்பனை வார்டு போதும். நூற்றுக்கு முப்பது பேர் நேர்மறை என்று வைத்துக்கொள்வோம். தொற்றியவரில் 90 சதவீதத்தை மட்டும் பிடித்து, தொற்றாதவர் யாரையும் தவறாகக் காட்டாத கருவியானால், 1978இல் ரோகனும் கிளாடனும் தந்த சூத்திரப்படி உண்மை அளவு 33.3. இரண்டு திறனும் 96 சதவீதம் உள்ள கருவியானால் அதே முப்பது 28.3 ஆகிறது. வார்டு மாறவில்லை, ரத்தமும் மாறவில்லை. ஐந்து புள்ளி இடைவெளி வந்துவிட்டது. இந்த 90ஐயும் 96ஐயும் எங்கிருந்து எடுக்கிறோம் என்பது இன்னும் பெரிய தலைவலி. கருவியைச் சரிபார்க்கப் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களின் ரத்தம்தான் பயன்பட்டது. அவர்களிடம் எதிர்ப்பொருள் மிகுதி. இரண்டு நாள் தொண்டைக் கரகரப்போடு வேலைக்குப் போனவரிடம் அவ்வளவு இருக்காது. பெட்டியின் மேல் அச்சிட்ட திறன் தெருவில் குறைந்துவிடும்.

காலம் இதை மேலும் சிக்கலாக்கியது. 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த இரண்டாம் தேசியச் சுற்றில் பயன்பட்ட அபாட் கருவி வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தைத் தேடியது. அதில் குறியீட்டு எண் 1.4 அல்லது அதற்கு மேல் என்றால் நேர்மறை. ஜூலையில் 5 காட்டியவர் ஜனவரியில் 1.2 காட்டினால் அவர் பட்டியலிலிருந்து விழுவார். எதிர்ப்பொருள் இன்னும் இருக்கிறது, கோடுதான் அவரைத் தாண்டிவிட்டது. இந்தப் புரதத்துக்கான எதிர்ப்பொருள் இந்தக் கருவியில் விரைவாக மங்குவது பல நாடுகளில் தெரியவந்தது. பிரேசிலின் மனாவ்ஸ் நகரில் இதே கருவியால் ஜூன் மாத ரத்தக் கொடையாளர்களில் 44 சதவீதம் என்று வந்தது. மங்கலைக் கணக்கில் சேர்த்தபோது அக்டோபருக்கான மதிப்பீடு 76ஐத் தொட்டது. ஐ.சி.எம்.ஆரின் மூன்றாம் சுற்று, 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை, நியூக்ளியோகேப்சிட், கூர்முனை இரண்டையுமே தேடி 24.1 சதவீதம் கண்டது.

தமிழகத்தின் 31.5 இலிருந்து 22.9க்கான இறக்கத்தை ஆய்வாளர்கள் எதிர்ப்பொருள் மங்கியதாகவே விளக்கினார்கள். ஏப்ரல் மாதம் அந்த எண்ணை வெறும் தொற்று அளவாக வாசித்தவர், நோய் பரவியது குறைவு என்று தவறாக நினைத்திருப்பார். டெல்டா அலைக்குப் பின் மாநில ஆய்வின் மூன்றாம் சுற்றில் 67.1, நான்காம் சுற்றில் 93.1. மூன்றாம் சுற்றின் ஏற்றத்தில் 74 சதவீதம் தொற்றால் வந்தது. நான்காம் சுற்றின் ஏற்றத்தில் 63 சதவீதம் தடுப்பூசியால்.

இந்தப் பிரிப்பைப் பல நாடுகள் எளிதாகச் செய்தன. தடுப்பூசி கூர்முனைப் புரதத்தை மட்டும் தந்ததால், உள்புரதத்துக்கான எதிர்ப்பொருள் இருந்தால் தொற்று என்று முடிவுகட்டலாம். கோவிஷீல்டு மட்டும் போட்டிருந்தால் இங்கேயும் அது நடந்திருக்கும். ஆனால் கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ். அதைப் போட்டவருக்கு உள்புரத எதிர்ப்பொருளும் உருவாகக்கூடும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. அங்கே ஒரே முகாம் வரிசையில் இரண்டு ஊசிகளில் எதையோ போட்டுக்கொண்டவர்களின் ரத்தம் அந்த டிசம்பரில் தொடங்கிய நான்காம் சுற்றின் குழாய்களில் சேர்ந்தது. யாருக்குத் தொற்று வந்தது, யாருக்கு ஊசி மட்டும் என்பதை அந்தக் குழாய்கள் தனியே சொல்லாது. போட்டுக்கொண்டது எந்த ஊசி என்று அவரவரையே கேட்டு எழுத வேண்டியிருந்தது.