நிழலின் நடுவே ஓர் ஒளிப்புள்ளி

விமர்சகன் பகைவனா, துணைவனா என்பது இலக்கிய வாசகர்களாகிய நமக்குப் பழகிய கேள்வி. ஒளியின் அலைக் கொள்கை வளர்ந்த வரலாற்றில் அதற்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன.

ஒளி அலை வடிவானது என்று ஹைகன்ஸ் 1690-இல் நூல் எழுதியிருந்தும், அது நுண்துகள்களின் ஓட்டம் என்ற நியூட்டனின் கருத்தே பதினெட்டாம் நூற்றாண்டில் கோலோச்சியது. லண்டன் மருத்துவரான தாமஸ் யங் 1801-இல் அலைக் கொள்கைக்கு மீண்டும் உயிரூட்டினார். இரண்டு அலைகளின் முகடுகள் இணைந்தால் ஒளி மிகும். முகடும் பள்ளமும் இணைந்தால் இருள் தோன்றும் என்றார். 1803-இல் எடின்பரோ ரிவ்யூ இதழில் ஹென்றி புரூம் பெயரிடாமல் எழுதிய மதிப்புரை அவரை எள்ளி நகையாடியது. யங் பதிலாக வெளியிட்ட சிறுநூலில் விற்றது ஒரே பிரதி என்பார்கள்.

பிரான்சில் நிகழ்ந்தது வேறு. ஃப்ரெனெல் சாலைகள் அமைக்கும் பொறியாளர். 1815-இல் நெப்போலியன் திரும்பி வந்ததை எதிர்த்ததால் பதவி இழந்து, நார்மண்டியில் தாயார் வீட்டில் முடங்கினார். அங்கே தேன்துளியை வில்லையாக்கி, நிழல்களின் ஓரத்தில் தோன்றும் வரிகளை அளந்தார். அவற்றை அலைகளைக் கொண்டு விளக்கும் கட்டுரையை 1818-இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் போட்டிக்கு அனுப்பினார்.

நடுவர் ஐவரில் லாப்லாஸ், பியோ, பாய்சான் மூவரும் துகள் கொள்கையினர். பாய்சான் அக்கட்டுரையை எள்ளவில்லை; அதன் கணிதத்தை எழுதியவரைவிட ஒருபடி மேலே கொண்டு சென்றார். வட்டத் தகட்டின் விளிம்பெங்கும் இருந்து புறப்படும் அலைகள் நிழலின் மையத்தை அடையக் கடக்கும் தொலைவு ஒன்றே. ஆகவே அவை முகடோடு முகடாக இணைந்து, நிழலின் நட்டநடுவே ஒளிப்புள்ளி தோன்றியாக வேண்டும். இப்படியும் நடக்குமா என்பதே அவர் எழுப்பிய மறுப்பு.

மற்றொரு நடுவரான அராகோ, 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகத் தகட்டை வைத்துச் சோதித்தார். நிழலின் நடுவே அந்தப் புள்ளி ஒளிர்ந்தது. 1819-இல் பரிசு ஃப்ரெனெலுக்கே வழங்கப்பட்டது.

பாய்சான் அதன்பிறகும் அலைக் கொள்கையை மனமார ஏற்கவில்லை. எனினும் அப்புள்ளி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஒரு படைப்பை அதன் கடைசி எல்லைவரை சென்று வாசித்த எதிரிக்குக் காலம் அளித்த மரியாதை அது என்றே நாம் கொள்கிறோம்.