மடியில் கனம், வழியில் கடல்

வெளிநாடு கிளம்பும் நண்பர்கள் விசாவும் டிக்கெட்டும் கைக்கு வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "பணத்தை எப்படிங்க எடுத்துட்டுப் போறது?" டாலர் நோட்டா வாங்கிக்கலாமா, ஃபாரெக்ஸ் கார்டு போடலாமா, இல்லை இங்கே இருக்கிற கார்டையே அங்கேயும் தேய்ச்சுக்கலாமா? ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். எதுக்கு எவ்வளவு கமிஷன் பிடிப்பான் என்ற கணக்கோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் நீண்ட வரலாறு உண்டு. தங்கச்சிமடம் எங்கே என்று தெரியாதவர்களுக்கு: பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிறது. தீவின் கிழக்கு நுனி தனுஷ்கோடி. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 22 மைல். எங்களுக்கு மதுரையைவிட வெளிநாடு கிட்டே! கையில் காசோடும், காசில்லாமலும், கழுத்தளவு கடனோடும் எத்தனையோ தமிழர்கள் இந்தப் பக்கமாகக் கடல் தாண்டியிருக்கிறார்கள். அவர்கள் பணத்தை எந்த உருவத்தில் கொண்டுபோனார்கள் என்று பார்க்கப் போனால் ஒன்று உறைக்கிறது. நமக்கு இன்று இருக்கிற "எதைத் தேர்ந்தெடுக்கலாம்" என்ற குழப்பமே பெரிய சலுகை. பலருக்கு அந்தத் தேர்வு கிடைத்ததே இல்லை. அந்தக் கரையில் உன்னை யார் நம்புகிறார்கள் என்பதுதான் உன் மடியில் என்ன இருக்கும் என்பதை முடிவு செய்தது.

முதலில் காசு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட நாணயங்களில் நந்தி உருவத்தோடு "சேது" என்று தமிழில் பொறித்திருக்கும். சேது என்றால் எங்கள் ராமேஸ்வரக் கரைதான். கடலுக்கு அந்தப் பக்கம் அடித்த காசில் இந்தப் பக்கத்து ஊரின் பேர்!

அப்புறம் வந்தது வெள்ளைக்காரன் காலம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. வேலைக்கு ஆள் இங்கிருந்துதான் போனார்கள். தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடை. அப்போது இலங்கையில் சர்க்கார் கணக்கெல்லாம் பவுன், ஷில்லிங். ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு ஷில்லிங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊருக்குத் திரும்பினால் செல்லுவது இந்திய வெள்ளி ரூபாய்தான். அதனால் கூலியும் ரூபாயில்தான் கொடுக்க வேண்டியிருந்தது. தோட்டக்காரர்கள் இந்தியாவிலிருந்து வெள்ளியைக் கப்பலில் வரவழைத்தார்கள்.

கடைசியில் சட்டம் இறங்கி வந்தது. 1869-இல் இந்திய வெள்ளி ரூபாய் இலங்கையில் முழுச் செல்லுபடி நாணயமானது. 1872-இல் பவுன் கணக்கே போய், ரூபாயும் சதமும் வந்தன. இன்றும் இலங்கையில் புழங்குவது "ரூபாய்" என்றால், அதற்கு ஒரு முக்கியமான காரணம் எழுதப் படிக்கத் தெரியாத நம்ம ஆட்களின் மடி. அரசாங்கத்துக்குப் பணம் எதுவென்று கூலிக்காரர்கள் சொல்லிக் கொடுத்த கதை இது.

ஆனால் வெள்ளிக்கு ஒரு கஷ்டம் உண்டு. ஒரு ரூபாய் நாணயம் கிட்டத்தட்ட 11.66 கிராம். 100 ரூபாய் சேர்த்துவிட்டால் 1 கிலோவுக்கு மேல். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டு வழியில் நடந்து பார்த்தால் தெரியும். "மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்"னு சும்மாவா சொன்னாங்க!

அதே காலத்தில் இன்னொரு கூட்டம் வெறுங்கையோடு போய், வெறுங்கையோடு வந்தது. ஆனால் நிறையப் பணத்தோடு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைச் சொல்கிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து கிளம்பி கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று கடை வைத்தவர்கள். அவர்களிடம் இருந்த சாதனம் உண்டியல். கோயில் உண்டியல் இல்லைங்க, இது ஒரு சீட்டு.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கொழும்பு செட்டியார் தெருக் கடையில் பணத்தைக் கட்டினால், "இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்" என்று எழுதித் தருவார்கள். அதை இந்தப் பக்கத்துக் கடையில் நீட்டினால் பணம். கண்டதும் கொடுக்க வேண்டியது தரிசன உண்டியல். இத்தனை நாள் கழித்துக் கொடுக்க வேண்டியது தவணை உண்டியல். இதில் வெள்ளி எதுவும் கடல் தாண்டவில்லை என்பதுதான் விசேஷம். அங்கிருந்து இங்கே பணம் அனுப்ப ஒருவர் இருப்பார். அரிசிக்கோ துணிக்கோ இங்கிருந்து அங்கே கொடுக்க வேண்டியவர் ஒருவர் இருப்பார். இரண்டையும் பேரேட்டில் நேர் செய்துவிட்டால் வேலை முடிந்தது. மீதி நிற்கிற வித்தியாசத்தை மட்டும் எப்போதாவது தீர்த்துக்கொள்வார்கள்.

அந்தச் சீட்டைச் செல்ல வைத்தது கடையின் "விலாசம்", அதாவது முதலாளிக் குடும்பத்தின் முதலெழுத்துக்கள். அந்த எழுத்துக்களுக்குப் பின்னால் சாதி, கோயில், கல்யாண உறவு எல்லாம் நின்றன. ஏமாற்றினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனி 1891-இல் ட்ராவலர்ஸ் செக் கொண்டுவந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டதாகச் சொல்வார்கள். செட்டிநாட்டில் யாரும் பெரிசா அசந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

காகிதத்தை நம்பியவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள் என்றும் இல்லை. இலங்கையில் அப்போது ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் அடித்த நோட்டுகள் புழங்கின. காப்பிச் செடியில் இலைநோய் விழுந்து தோட்டங்கள் அழிய, 1884-இல் அந்த வங்கி படுத்துவிட்டது. கவர்னர் ஆர்தர் கார்டன் அரசு உத்தரவாதம் கொடுத்துத்தான் பீதியை அடக்கினார். அதற்குப் பிறகு நோட்டு அடிக்கும் வேலையை இலங்கை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

இனி மூன்றாவது கூட்டம். வெள்ளியும் இல்லாமல், உண்டியலும் இல்லாமல், கழுத்தில் தகரத்தோடு போனவர்கள். காப்பி போய்த் தேயிலை வந்த பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "டின் டிக்கெட்" முறை வந்தது. ஒரு சின்னத் தகர வில்லை. அதில் எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்று குறியும் எண்ணும் இருக்கும். அதைக் கட்டிக்கொண்டால் போதும். ரயில், சாப்பாடு, கப்பல் எதற்கும் காசு வேண்டாம். ஆஹா, இன்றைய ப்ரீபெய்ட் கார்டு மாதிரி இருக்கே என்று தோன்றும். இல்லை. இது முழுக்க முழுக்கக் கடன் அட்டை. வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் அதை ஆளின் பேரில் எழுதும். கங்காணி ஊரில் கொடுத்த முன்பணமும் அதோடு சேரும். முதல் நாள் கொழுந்து கிள்ளுவதற்கு முன்பே ஆள் கடனாளி.

அந்தக் கடனைக் கைமாற்றவும் ஒரு காகிதம் இருந்தது. அதற்குப் பேர் "துண்டு". இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. வேறு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். செட்டியாரின் சீட்டில் பணம் பயணம் செய்தது. இந்தச் சீட்டில் மனிதர்கள் பயணம் செய்தார்கள். இரண்டுமே காகிதம்தான். துண்டு முறையை 1921-இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் இந்த மூன்று கூட்டமும் ஒரே வழிக்கு வந்தது. எழும்பூரில் ஒரு டிக்கெட் எடுத்தால் தனுஷ்கோடி வரை ரயில், கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு கோட்டை. போட் மெயில் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மேல் வகுப்பில் போகிறவர் நேராகக் கப்பல் ஏறினார். தோட்டத்துக்குப் போகிறவர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவல் முடித்துத்தான் ஏறினார்.

நாணயத்தைப் பொறுத்தவரை அது சுகமான காலம். இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று. மாற்றுக் கணக்கே கிடையாது. அது மெல்ல மெல்ல முடிந்தது. 1949 நவம்பரில் இலங்கையின் குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்தது. 1950 ஆகஸ்ட் 28-இல் இலங்கை மத்திய வங்கி திறந்தது. 1953-இல் அங்கே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் 1947-லேயே வந்தாயிற்று. நேற்றுவரை மணியார்டர் மாதிரி ஊருக்கு அனுப்பிய காசுக்கு இன்று அனுமதி வேண்டும். 22 மைல் அதே 22 மைல்தான். பணத்துக்கு மட்டும் அது சமுத்திரமாகிவிட்டது.

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத இடம் இதற்கு அடுத்துதான். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். குடியுரிமை இல்லாத 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அந்த ஒப்பந்தத்தில் பணத்தைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. திரும்புகிறவர்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தங்கள் சொத்தைக் கொண்டுபோகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய தொகையின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்பது இலங்கையின் உறுதி.

திரும்பப் படியுங்கள். 4,000 கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வரம்பு அதற்குக் கீழே போகாது என்பதுதான் வாக்கு. மூன்று தலைமுறை மலையைத் தேயிலையாக்கிய குடும்பத்துக்கு இரண்டு பிரதமர்கள் சேர்ந்து கொடுத்த பணப் பாதுகாப்பு அவ்வளவே. கையெழுத்தான அன்று இரண்டு நாட்டு ரூபாயும் ஒரே மதிப்பு, டாலருக்கு 4.76. 1966 ஜூன் 6-இல் இந்திய ரூபாய் 7.50-க்கு இறங்கியது. 1967 நவம்பரில் இலங்கை ரூபாய் 5.95-க்கு இறங்கியது. தோட்டத்து லயத்தில் இருந்தவருக்கு இது எதுவும் கேட்காமலே, அவர் சேமிப்பு ஊரில் எத்தனை ரூபாய் ஆகும் என்பது இரண்டு தடவை மாறியது.

ஒப்பந்தம் நடந்த இரண்டாவது மாதமே, டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. திரும்பியவர்கள் அங்கே இறங்கி, ரயிலேறி, தங்கச்சிமடம், பாம்பன் தாண்டி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். தாத்தா தகரம் கட்டிக்கொண்டு காத்திருந்த அதே மண்டபத்துக்குப் பேரன் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தான்.

1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களிடம் அதுவும் இல்லை. கப்பலும் நின்றுபோனது. படகில் வந்து இறங்கியவர்கள் கொண்டுவந்தது உடம்பில் இருந்த நகை. தோடும் தாலிக்கொடியும்தான் அவர்களுடைய ட்ராவலர்ஸ் செக். எந்தக் கரையிலும் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் செல்லுவது தங்கம் ஒன்றுதான். ஆனால் அவசரத்துக்கு விற்பவனிடம் அதுவும் பாதி விலைதான் போகும். வெளிநாட்டுக்குச் சிதறிய ஈழத்து நண்பர்கள் போர்க்காலத்தில் வீட்டுக்குக் காசு அனுப்பிய வழிக்கும் பேர் "உண்டியல்" என்பதை அவர்களே சொல்வார்கள். செட்டியார் தெருவின் பழைய சொல், டொரண்டோவிலும் லண்டனிலும். இப்போது அது சட்டத்துக்கு வெளியே.

இன்று? 2024 பிப்ரவரி 12-இல் இலங்கையில் நம்ம யுபிஐ தொடங்கியது. கொழும்பில் கடைக்காரர் வைத்திருக்கும் க்யூஆர் அட்டையை ஃபோனில் காட்டினால் நம்ம வங்கிக் கணக்கிலிருந்து ரூபாய் போகிறது. பேரேடு மாறியிருக்கிறது, உண்டியல் தத்துவம் மாறவில்லை. காசு கடல் தாண்டுவதில்லை, நம்பிக்கைதான் தாண்டுகிறது. இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2022 மார்ச்சில், விலைவாசி தாங்காமல் இலங்கையிலிருந்து குடும்பங்கள் படகேறி தனுஷ்கோடி மணலில் வந்து இறங்கின. அவர்களை எந்த க்யூஆருக்கும் தெரியாது. கூட்டம் இன்னும் மூன்றாகத்தான் இருக்கிறது.

சரி, ஊருக்குக் கிளம்புகிற நண்பருக்கு என்ன பதில்? சட்டப்படி ஒரு பயணத்துக்கு வெளிநாட்டு நோட்டாகப் பொதுவாக 3,000 டாலர் வரை வாங்கலாம், மீதிக்குக் கார்டு. இந்திய நோட்டு 25,000 ரூபாய் வரை கையில் எடுத்துப் போகலாம் (நேபாளம், பூட்டானுக்கு விதி வேறு). ஒரு காலத்தில் 8 டாலரோடு விமானம் ஏறிய தலைமுறைக்கு இது சொர்க்கம். ஆனால் இந்தக் கடல் சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு: எல்லாவற்றையும் ஒரே நம்பிக்கையில் கட்டாதீர்கள். வெள்ளி கனத்தது, வங்கி படுத்தது, ஒன்றுக்கு ஒன்று என்றிருந்த ரூபாய் இரண்டானது. கொஞ்சம் நோட்டு, ஒன்றுக்கு இரண்டு கார்டு, அவை வேறு வேறு வங்கியாக, வேறு வேறு பையில்.

இதைப் படிக்கிறவர்களில் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து நண்பர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். 1968-க்குப் பிறகு கப்பலில் வந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருப்பார்கள். சேமலாப நிதி கைக்கு வந்ததா, எத்தனை வருஷம் ஆச்சு, கப்பலில் இறங்கும்போது மடியில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒப்பந்தம் ஏட்டில் இருக்கிறது. அந்த 4,000 ரூபாய் யார் கைக்கு எவ்வளவாக வந்தது என்பது அவர்கள் ஞாபகத்தில்தான் இருக்கிறது.