மறதிநோயாளரின் மனச்சோர்வுக்குத் தொடு சிகிச்சை

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவர்களின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் தணிக்க, வழக்கமான மருத்துவத்துக்குத் துணையாகக் கையாளப்படும் முறை தொடு சிகிச்சை. கை, பாதம், தோள், முதுகு ஆகியவற்றை மெல்ல வருடுதல், இதமாகப் பிடித்துவிடுதல், எண்ணெய் தடவி மசாஜ் செய்தல், அக்குபிரஷர் ஆகியவை இதில் அடங்கும்.

தேவை

மறதிநோயாளரிடம் மனச்சோர்வைக் கண்டறிவது கடினம். தம் துயரத்தைச் சொல்ல அவர்களுக்குச் சொற்கள் அகப்படுவதில்லை. ஆர்வமின்மை, உறக்கக் கேடு போன்ற அறிகுறிகளோ மறதிநோயின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகின்றன. எனவே, 1988-இல் உருவான கார்னெல் அளவுகோல், நோயாளியிடமும் பராமரிப்பவரிடமும் விசாரித்து 19 அறிகுறிகளை மதிப்பிடுகிறது. மனச்சோர்வு மருந்துகளும் இவர்களுக்குப் போதிய பலன் தருவதில்லை. இங்கிலாந்தில் 326 பேரிடம் நடத்தப்பட்டு, 2011-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில், செர்ட்ராலினும் மிர்டசபைனும் போலி மருந்தை விஞ்சவில்லை. பக்கவிளைவுகள்தாம் கூடுதலாக இருந்தன.

செயல்படும் விதம்

தோலிலுள்ள சி-தொடு நரம்பிழைகள், வினாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் நகரும் மென்மையான வருடலால் நன்கு தூண்டப்படுகின்றன. அத்தூண்டல் மூளையின் இன்சுலா பகுதியை எட்டும்போது இதமான உணர்வு பிறக்கிறது. பேச்சும் நினைவும் தேய்ந்த பின்னரும் பலருக்குத் தொடுதலை உணரும் திறன் எஞ்சியிருப்பதே இச்சிகிச்சையின் அடிப்படை.

சான்றுகள்

2006-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வுக்குத் தகுதியான சிறிய ஆய்வுகள் இரண்டே கிடைத்தன. கை மசாஜ் பதற்றத்தைச் சிறிது நேரம் குறைக்கக்கூடும் என அவற்றிலிருந்து தெரிந்தது. 2021-இல் ‘பிஎம்ஜே’ இதழ் வெளியிட்ட மதிப்பாய்வு, 28,483 பேர் பங்கேற்ற 256 ஆய்வுகளைத் தொகுத்தது. மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைப்பதில் மசாஜும் தொடு சிகிச்சையும் வழக்கமான பராமரிப்பைவிட மேலானவை என்று அது கண்டது. இம்முடிவு, கடும் மனச்சோர்வு நோய் என மருத்துவர் உறுதிசெய்யாதவர்களுக்கே பொருந்தும்.

எச்சரிக்கை

தொடுவதற்கு முன் நோயாளியின் பார்வைக்கு எதிரே அமர்ந்து, செய்யப்போவதைச் சொல்ல வேண்டும். கையை இழுத்துக்கொண்டாலோ முகம் சுளித்தாலோ அதை மறுப்பாக ஏற்று உடனே நிறுத்த வேண்டும். வாய்விட்டு மறுக்க இயலாதவரின் விருப்பத்துக்கும் முழு மதிப்பு உண்டு. கால் சிரையில் இரத்தக் கட்டி, எலும்பு முறிவு, தோல் புண், கடும் எலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் மசாஜ் செய்யக் கூடாது.

தொடு சிகிச்சை மறதிநோயைக் குணப்படுத்தாது. உணவை அறவே மறுப்பவருக்கும் சாவைப் பற்றியே பேசுபவருக்கும் மருத்துவரின் உதவி உடனடியாகத் தேவை. மற்றவர்களுக்கு, அவர்கள் விரும்பும் வரையில், அன்றாடப் பராமரிப்பில் சேர்க்கத்தக்க எளிய துணைச் சிகிச்சை இது.