விற்றதா, வாடகைக்கு விட்டதா? ஒளிப்பட மென்பொருளும் 'சந்தா' என்னும் சொல்லும்

'சந்தா' பாரசீக வேர் கொண்ட சொல். இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. நெடுங்காலமாக அது தமிழில் இரண்டு இடங்களில் புழங்கியது. ஒன்று, இதழ்களுக்குச் செலுத்தும் ஆண்டுத்தொகை. மற்றொன்று, சங்கங்களுக்குச் செலுத்தும் உறுப்பினர் தொகை. இதழின் சந்தா தீர்ந்தால் புதிய இதழ் வருவது நின்றுவிடும். அதுவரை வந்த இதழ்கள் வாசகரின் அலமாரியில் இருக்கும். அவற்றைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இச்சொல் சத்தமின்றிப் பொருள் மாறியிருக்கிறது. இன்று ஒளிப்படக் கலைஞர் ஒருவர் 'ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்டுகிறேன்' என்னும்போது, அத்தொகை நின்ற மாதம் மென்பொருளும் நின்றுவிடும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. பழைய இதழும் அலமாரியிலிருந்து மறையும் சந்தா இது. பெங்களூருவில் வீடு தேடுவோருக்கு வாடகை, போக்கியம், சொந்தம் என்னும் மூன்றின் வேறுபாடு நன்கு தெரியும். மென்பொருளுக்கு வரும்போது மட்டும் அந்த வேறுபாடு ஒரே சொல்லுக்குள் மங்கிப்போகிறது. விலையை எடைபோடுமுன், அவ்விலைக்கு எது கைமாறுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஃபோட்டோஷாப்பைத் தாமஸ் நால், ஜான் நால் என்னும் அமெரிக்க உடன்பிறப்புகள் 1987-இல் எழுதத் தொடங்கினர். அடோபி நிறுவனம் அதன் முதல் பதிப்பை 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. அதன்பின் இருபதாண்டுகளுக்கு மேலாக அது பெட்டியில் விற்கப்பட்டது. 2002-இல் வந்த 7.0 பதிப்பு இந்திய ஸ்டுடியோக்களின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. தழும்பையும் பருவையும் சுற்றியுள்ள தோலோடு இசைத்து மறைக்கும் 'ஹீலிங் பிரஷ்' அப்பதிப்பில்தான் வந்தது. எளிய கணினிகளிலும் அது ஓடியது. 2003-இல் வந்த அடுத்த பதிப்பில், விண்டோஸ் கணினிகளுக்கு நிறுவனத்தோடு தொடர்புகொண்டு செயல்படுத்தும் முறை புகுந்தது. அந்தப் பூட்டு இல்லாத கடைசிப் பதிப்பு 7.0. அது பத்தாண்டு கடந்தும் பல ஸ்டுடியோக்களில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படி நிலைத்த பிரதிகளில் பல விலைகொடுத்து வாங்கப்பட்டவை அல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ., இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் உரிமமற்றவை 2011-இல் 63 விழுக்காடு என்றும், 2017-இல் 56 விழுக்காடு என்றும் கணித்தது. விற்பவர்களின் கூட்டமைப்பு தரும் கணக்கு என்னும் எச்சரிக்கையோடுதான் இவற்றைப் படிக்க வேண்டும். ஆயினும், முழு விலையை ஒரே தவணையில் தர இயலாதோர் பெரும்பான்மையாக இருந்த சந்தை அது என்பதில் ஐயமில்லை. எனவே, 'முன்பு எல்லோரும் வாங்கிச் சொந்தமாக வைத்திருந்தோம், இப்போது பறித்துவிட்டார்கள்' என்னும் புலம்பல் இந்திய வரலாற்றோடு பொருந்தாது.

2013 மே மாதத்தில் அடோபி தன் முடிவை அறிவித்தது: சி.எஸ்.6-க்குப் பின் பெட்டி இல்லை. இனிப் புதிய பதிப்புகள் 'கிரியேட்டிவ் கிளவுட்' சந்தாவில் மட்டுமே. எதிர்ப்பு வலுத்தது, இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், பழைய பதிப்புகளை வைத்திருந்த ஒளிப்படக் கலைஞர்களுக்கு ஃபோட்டோஷாப், லைட்ரூம் இரண்டையும் சேர்த்து மாதம் 9.99 டாலருக்குத் தரும் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அது அனைவருக்கும் திறக்கப்பட்டது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இங்கே கொள்வது அமெரிக்க விலைகள். இந்தியாவில் ரூபாய் விலை தனி, அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஃபோட்டோஷாப் சி.எஸ்.6-இன் விலை 699 டாலர். லைட்ரூமின் கடைசித் தனிப்பதிப்பான 6-இன் விலை 149 டாலர். இரண்டும் சேர்ந்து 848 டாலர். மாதம் 9.99 டாலர் வீதம் அத்தொகையை எட்ட ஏறத்தாழ 85 மாதங்கள், அதாவது ஏழாண்டுகள் ஆகும். புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவருக்கு இது மலிவு. ஏற்கெனவே வைத்திருந்து ஒவ்வொரு பதிப்புக்கும் 199 டாலர் கொடுத்து மேம்படுத்திவந்தவருக்கு, பதினெட்டு மாதங்களுக்கு ஒருமுறை என்று கொண்டால் மாதம் 11 டாலர் ஆகிறது, அவருக்கும் நட்டமில்லை. இழப்பு மூன்றாமவருக்குத்தான்: ஒரு பதிப்பை வாங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதிலேயே வேலைசெய்யக் கூடியவருக்கு. தையல் இயந்திரத்தைப் போல ஒருமுறை வாங்கி வாழ்நாள் முழுதும் உழைக்க வைக்கும் சிறுதொழிலாளரின் கணக்கு அது. சந்தா முறையில் அந்தக் கணக்குக்கு இடமில்லை.

இந்தக் கணக்கின் ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதையும் காண வேண்டும். 2025 ஜனவரியில் 9.99 டாலர்த் திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டது. அவர்களுக்கு இருந்தது, சேமிப்பிடம் மிகுந்த 19.99 டாலர்த் திட்டம். அந்த விலையில் 848 டாலரை எட்ட ஏறத்தாழ 42 மாதங்கள் போதும். ஏழாண்டுக் கணக்கு மூன்றரை ஆண்டாகச் சுருங்கியது. வாங்கிய பொருளின் விலையை விற்றவர் பின்னர் திருத்த முடியாது. சந்தாவின் விலையைத் திருத்தலாம்.

வாங்கியது பொருளா, உரிமமா என்னும் இக்கேள்வி இந்திய நீதிமன்றங்களில் நீண்டகாலம் நடந்தது. அதன் முக்கியக் களங்களுள் ஒன்று பெங்களூரு. 2004 நவம்பரில், டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் தொடுத்த விற்பனை வரி வழக்கில், பெட்டியில் விற்கப்படும் ஆயத்த மென்பொருள் 'சரக்கு' என்றே உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் வருமான வரித்துறை வேறு கோணத்தில் நின்றது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டி என்றும், இங்கிருந்து அனுப்புபவரே அதில் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்றும் அத்துறை வாதிட்டது. அமெரிக்காவிலிருந்து மென்பொருளை நேரடியாக இறக்குமதி செய்து தானே பயன்படுத்திய எஞ்சினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ் என்னும் பெங்களூரு நிறுவனம் இதில் சிக்கியது. 2011 அக்டோபரில் கர்நாடக உயர்நீதிமன்றம், சாம்சங் வழக்கில், துறையின் பக்கம் தீர்ப்பளித்தது.

பத்தாண்டு கழித்து, 2021 மார்ச் 2 அன்று, நீதிபதி நாரிமன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அதை மாற்றியது. பயனருக்குக் கிடைப்பது மென்பொருளின் ஒரு பிரதி. பதிப்புரிமையில் எந்தப் பங்கும் அவருக்குச் சேர்வதில்லை. ஆகவே அவர் கொடுக்கும் பணம் ராயல்டி ஆகாது, பொருளுக்கான விலையே என்பது தீர்ப்பின் சாரம். புத்தகத்தை வாங்கியவர் அதன் ஆசிரியர் உரிமையை வாங்கியவர் ஆகமாட்டார். ஆனால் புத்தகம் அவருடையது. இது வரி பற்றிய தீர்ப்பு; பயனரின் உரிமைகளை வகுக்க எழுதப்பட்டதன்று. எனினும் 'உரிமம்' என்று தலைப்பிட்ட ஒப்பந்தத்துக்குள்ளும் ஒரு விற்பனை நிகழ முடியும் என்பதை அது உறுதிசெய்தது. முரண் காலத்தில் இருக்கிறது. பெட்டியில் வந்த பிரதி விற்கப்பட்ட பொருளே என்று நாட்டின் உயர்ந்த மன்றம் சொன்னபோது, ஃபோட்டோஷாப் பெட்டி நின்று எட்டாண்டுகள் ஆகியிருந்தன.

பெட்டிக் காலத்து உடைமையும் முழுமையானதாக இருக்கவில்லை. செயல்படுத்தும் பூட்டு வந்தபின், கணினியை மாற்றினால் நிறுவனத்தின் சர்வர் அனுமதிக்க வேண்டியிருந்தது. 2013 ஜனவரியில், சி.எஸ்.2-க்கான அந்தச் சர்வர் மூடப்பட்டதை ஒட்டி, பழைய வாடிக்கையாளர்களுக்காகப் பூட்டில்லாத பிரதியை அடோபி தனியே வெளியிட வேண்டியதாயிற்று. சாவி விற்றவரிடம் இருந்தது என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தனர்.

தமிழுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. விலை பற்றிய விவாதங்களில் அது பேசப்படுவது அரிது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள தமிழர்களுக்கு வேலைசெய்யும் ஸ்டுடியோவுக்கு, படத்தைத் திருத்துவது பாதி வேலைதான். மீதிப் பாதி எழுத்து: திருமண ஆல்பத்தில் பெயர்கள், பூப்புனித நீராட்டு விழாப் பதாகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பெட்டிக் காலத்து ஃபோட்டோஷாப் யூனிகோடு தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. 'கொ' என்னும் எழுத்தில் ககரத்துக்கு முன் ஒற்றைக்கொம்பும் பின் காலும் அமைய வேண்டும்; பழைய பதிப்புகளில் அவை இடம்மாறிச் சிதறின. அதனால் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களைப் பொருத்திய பாமினி போன்ற எழுத்துருக்களே தொழிலைக் காத்தன. திரையில் தமிழ் தெரியும்; கோப்புக்குள் இருப்பதோ பொருளற்ற ரோமன் எழுத்துகளின் வரிசை. அதைத் தேட முடியாது. வேறிடத்தில் ஒட்டினால் படிக்க முடியாது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்ற பின்னரும் அச்சுத்தொழில் பழைய எழுத்துருக்களை விடாததற்கு இக்கருவிகளும் ஒரு காரணம்.

தெற்காசிய எழுத்துகளைக் கோக்கும் இயந்திரம் ஃபோட்டோஷாப்பில் அமைந்தது சந்தாக் காலத்துப் பதிப்புகளில்தான். இதன் பொருள் கசப்பானது. சொந்தமாக வாங்க முடிந்த கருவிக்குத் தமிழ் தெரியவில்லை. தமிழ் தெரிந்த கருவியைச் சொந்தமாக வாங்க முடியவில்லை. ஒரே விலைக்கு வாங்கிய ஆங்கிலப் பயனரும் தமிழ்ப் பயனரும் 2013-க்கு முன் ஒரே பொருளைப் பெறவில்லை.

மாற்றுக் கருவிகளையும் இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம். ஒருமுறை விலைக்குக் கிடைத்ததால் 2015 முதல் பலரும் நாடிய அஃபினிட்டி ஃபோட்டோ, 2024-இல் கேன்வா நிறுவனத்தின் கைக்குப் போய், 2025 அக்டோபர் முதல் இலவசமாகத் தரப்படுகிறது. அதன் முதல் இரு பதிப்புகளிலும் இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதி இல்லை. பெர்க்லி மாணவர் இருவர் 1995-இல் தொடங்கிய கிம்ப், கட்டற்ற மென்பொருள். 2004-இல் வந்த அதன் 2.0 பதிப்பு, எழுத்துக்கோவைக்குப் பாங்கோ என்னும் பொது நூலகத்தைப் பயன்படுத்தியதால், யூனிகோடு தமிழ் அதில் ஃபோட்டோஷாப்பை முந்திக்கொண்டு சரியாக அமைந்தது. அதே ஆண்டுகளில் பெங்களூரு, 2001-இல் தொடங்கிய 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடுகள் வழியாக, கட்டற்ற மென்பொருளின் இந்தியக் கூடுமிடமாக இருந்தது. ஆயினும் ஸ்டுடியோக்கள் அப்பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. கள்ளப் பிரதி இலவசமாகக் கிடைக்கும்போது, கட்டற்ற கருவியின் விலையின்மை யாரையும் ஈர்ப்பதில்லை. உரிமமற்ற பிரதிகள் பாதித்தது அடோபியின் வருவாயை மட்டுமன்று. தமிழ் தெரிந்த மாற்றுக் கருவி வேர்விடும் வாய்ப்பையும்தான்.

சந்தா முறைக்கு இந்தியாவில் மேலும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல், அட்டையிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொடர் கட்டணங்களுக்கு முன்னறிவிப்பும் கூடுதல் ஒப்புதலும் வேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்தது. வங்கிகளும் வெளிநாட்டு நிறுவனங்களும் ஆயத்தமாகாததால் பல சந்தாக்கள் தடைப்பட்டன. பயனரைக் காக்க எழுந்த விதி அது. ஆனால் கருவி மாதத் தவணையில் தொங்கும்போது, வங்கி ஒன்றின் தாமதமும் முகூர்த்த நாள் வேலையை நிறுத்திவிடக்கூடும் என்பதை அது காட்டியது. விலகுவதற்கும் விலை உண்டு. ஆண்டு ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் விதிக்கும் கட்டணத்தைத் தெளிவாக அறிவிக்கவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபிமீது வழக்குத் தொடுத்தது.

ஆகவே, சந்தாவை எடைபோடுவோர் மாத விலையோடு மூன்று கேள்விகளைத் தட்டில் வைக்க வேண்டும். பணம் நின்ற மாதத்தில் கையில் என்ன எஞ்சும்? லைட்ரூம் கிளாசிக்கில், சந்தா தீர்ந்தாலும் படத்தொகுப்பைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். திருத்தும் பகுதி பூட்டப்படும். ஃபோட்டோஷாப்பில் அந்தச் சலுகை இல்லை. இரண்டாவது, செய்த வேலை எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது? முடிந்த படங்களை டிஃப், ஜெபெக் போன்ற பொது வடிவங்களிலும் வைத்திருப்பவரை எந்தச் சந்தாவும் சிறைப்படுத்த முடியாது. மூன்றாவது, அக்கருவிக்குத் தன் வாடிக்கையாளரின் எழுத்து தெரியுமா?

இம்மூன்றுக்கும் விடை தெரிந்து கட்டுகிறவருக்குச் சந்தா ஒரு நியாயமான செலவாக இருக்கலாம். வாடகைக் கடையில் நேர்மையாகத் தொழில் நடத்துவோர் இந்நகரில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் யாரும் அந்த வாடகையைக் கிரயம் என்று சொல்லிக்கொள்வதில்லை. மென்பொருளுக்குக் கட்டுவதையும் வாடகை என்றே அழைத்துப் பழகினால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வாடகைதாரர் கேட்கும் கேள்விகள் தாமே வந்து சேரும்.